நீர்க்காக்கையின் கணக்கு

குளத்தில் மீன் குறைந்தால் முதல் சந்தேகம் பறவை மேல்தான் விழும். வலையோடு வருகிற திருடன் ராத்திரியில் வருகிறான். வண்டியில் வரும்போதே வாடிப்போன குஞ்சுகள் யாருக்கும் தெரியாமல் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. விரால் சேற்றோடு சேறாகக் கிடந்து தின்கிறது. பறவை மட்டும்தான் பட்டப்பகலில், ஊரே பார்க்க, மீனைத் தூக்கி ஒரு முறை புரட்டிப் பிடித்து விழுங்குகிறது. ஆகவே அகப்படுவதும் அதுதான்.

பறவைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. சில குளங்களில், சில வாரங்களில், உங்கள் குஞ்சில் பெரிய பங்கை அது கொண்டுபோகத்தான் செய்யும். எந்தக் குளம், எந்த வாரம் என்று தெரிந்துகொண்டால் செலவு பாதியாகும். தெரியாமல் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இருபது ஏக்கர் கண்மாயில் ஆள் போட்டு வெடி வெடிப்பார்கள். வீட்டுப் பக்கத்தில் பத்து சென்ட் குட்டையில் விரலி விட்டுவிட்டு அதைத் திறந்தபடி போட்டிருப்பார்கள்.

யார் யார் வருகிறார்கள்

கரையில் நிற்பதெல்லாம் மீன் தின்ன வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நத்தைகொத்தி நாரையின் இரு அலகுகளுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பிதுக்கி எடுப்பதே அதன் பிழைப்பு. உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்குவது. நாமக்கோழிக்குப் பெரும்பாலும் பாசியும் நீர்ச்செடியும். நம் ஊரில் எங்கும் காண்கிற வெண்மார்பு மீன்கொத்தி, பெயரில்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, ஓணான், நண்டு, தவளை என்று கிடைத்ததைத் தின்னும், மீன் அதில் ஒரு பங்கு. ஒரு பண்ணையில் நாள் முழுக்க நத்தைகொத்தி நாரையைக் கவண்கல்லால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி மின்கம்பியில் பதினோரு நீர்க்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து சிறகு உலர்த்திக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாரை பெரிய பறவையல்லவா!

கவனிக்க வேண்டிய முதல் ஆள் சிறு நீர்க்காக்கை. கறுப்பு, நீண்ட வால், கட்டையான அலகு, எடை அரைக் கிலோவுக்குள். வாத்தைப்போல அதன் இறகு தண்ணீரை முழுக்கத் தள்ளாது, நனையும். நனைவதால்தான் எளிதாக முங்க முடிகிறது. அதனாலேயே மேலே வந்தபின் சிறகை விரித்து வெயில் காய வேண்டியிருக்கிறது. சிறகு காயும் மரமோ கம்பியோ குளத்தோரம் இருந்தால் அது தங்கிவிடும். தனியாகவும் வேட்டையாடும், கூட்டம் சேர்ந்தால் மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கி மாறி மாறி முங்கும். இதைவிடச் சற்றுப் பெரிய கொண்டை இல்லாத இந்திய நீர்க்காக்கையும் கூட்டமாக வரும். பெரிய நீர்க்காக்கை இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும். அது அணைகளிலும் பெரிய ஏரிகளிலும்தான் கண்ணில் படும்.

பாம்புத்தாரா தண்ணீருக்குள் உடம்பை மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டியபடி நீந்தும். மீனைக் கவ்வாது, ஈட்டிபோல் குத்தும். விலாவில் ஒற்றைத் துளையோடு மீன் மிதந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கூழைக்கடா நான்கு முதல் ஆறு கிலோ எடை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் வேண்டும். ஆனால் அது எழும்பிப் பறக்க நீண்ட நீர்ப்பரப்பு தேவை, சின்னக் குட்டையில் இறங்காது. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் மேலே பட்டதும் அலகு மூடும். கண்ணால் தேடாமல் தொட்டுப் பிடிப்பதால் காலுக்கு எட்டும் ஆழத்தில், கலங்கல் தண்ணீரில் அதற்கு நல்ல வேட்டை. மூன்றடிக்கு மேல் நீர் நிற்கிற பண்ணைக்குட்டைக்கு அதனால் பயமில்லை.

கொக்கு வகைகள் கரையோரத்து ஆட்கள். மடையான், சின்ன வெள்ளைக்கொக்கு, பெரிய கொக்கு, சாம்பல் நாரை எல்லாம் நின்று பிடிப்பவை. இவற்றோடு வக்காவையும் சேர்க்க வேண்டும். சாயங்காலம் மற்றவை அடையப் போகும்போது இது புறப்படும். காவலுக்குப் போன ஆள் ஆறு மணிக்குத் திரும்பிவிடுவதால் வக்கா வந்துபோவது பலருக்குத் தெரிவதே இல்லை. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று செங்குத்தாக விழும். அதுவும் சிறு மீன்கொத்தியும் நாற்றங்கால் குளத்தில் கணக்கில் சேரும். விராலடிப்பான் குளிர்காலத்தில் வந்துபோகிற விருந்தாளி. அரைக் கிலோ மீனையும் காலில் கவ்விப் போகும், ஆனால் ஒரு ஏரிக்கு ஒன்று வந்தாலே அதிசயம். அதைப் பார்க்கக் கிடைத்தால் ஒரு மீன் போனதற்கு வருத்தப்பட மாட்டீர்கள்.

ஒரு கணக்கு

எத்தனை பறவை வருகிறது என்பதைவிட, வரும் பறவை எந்த அளவு மீனை விழுங்கும் என்பதே முக்கியம். பறவைக்குப் பல் இல்லை; முழுசாகத்தான் விழுங்க வேண்டும். சிறு நீர்க்காக்கைக்கு விரல் நீள மீன் தோது. உள்ளங்கை நீளத்தைத் தாண்டினால் சிரமம். நீளத்தைப் போலவே உடம்பின் அகலமும் கணக்கு. தலையும் உடம்பும் அகன்ற கட்லா சீக்கிரமே தொண்டைக்கு அடங்காமல் போய்விடும். ஒல்லியாக வளரும் மிர்கால் கூடுதல் நாள் ஆபத்தில் இருக்கும்.

கைக்கணக்காக ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் குளம், 8,000 விரலி, தலா 10 கிராம். தினமும் 15 சிறு நீர்க்காக்கைகள் வருகின்றன. ஒரு பறவை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தின்னும் என்று கொண்டு, தாராளமாக 100 கிராம் வையுங்கள். நாளைக்கு ஒன்றரைக் கிலோ, அதாவது 150 விரலி. அவை வேறெதுவும் தின்னாமல் உங்கள் குஞ்சையே தின்றால், விரலிகள் வளராமல் அப்படியே இருந்தால், 53 நாளில் குளம் காலி.

இந்த இடத்தில்தான் பலர் துப்பாக்கி உரிமம் எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். குளத்தில் கெண்டைப்பொடியும் ஜிலேபிக் குஞ்சும் கிடந்து, பறவை தின்பதில் முக்கால் பங்கு அவையாக இருந்தால், நாளைக்கு உங்கள் விரலியில் 37 அல்லது 38தான் போகும். இரண்டு மாதத்தில் சுமார் 2,250. நஷ்டம்தான், ஆனால் முதல் கணக்கு இல்லை. இப்போது 10 கிராம் விரலிக்குப் பதிலாக 40 கிராம் குஞ்சை இருப்பு வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே கால் பங்குக்கு நாளைக்கு ஒன்பது மீன் போதும். இருபது நாள் நல்ல தீனி போட்டால் மீன் அதன் தொண்டையைத் தாண்டிவிடும். போவது ஏறத்தாழ 190. அதுவும் 40 கிராம் மீனை எல்லாச் சிறு நீர்க்காக்கையும் விழுங்கிவிடாது.

பறவையின் எண்ணிக்கை இந்த மூன்று கணக்கிலும் ஒன்றுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்நூலில் வேறோரிடத்தில், இருப்பு வைப்பதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டுக் களைமீனை அழியுங்கள், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்று சொல்லியிருக்கிறேன். அந்த அறிவுரை சரிதான். விரலியைத் தின்ன விராலும், தீனியைப் பங்குபோட ஜிலேபியும் இருக்கக்கூடாது. ஆனால் அப்படித் துடைத்து வைத்த குட்டையில் பறவைக்குக் கிடைப்பது உங்கள் மீன் மட்டுமே. முதல் கணக்கு அங்கேதான் உண்மையாகிறது. களைமீன் நிறைந்த கண்மாயில் அந்தக் களைமீனே உங்கள் விரலிக்கு மறைப்பு. அதனால் துடைத்த குட்டைக்கு வலை கட்டாயம், கண்மாய்க்கு வேண்டாம்.

நாற்றங்கால் குளத்தின் கதை வேறு. நுண்மீன்குஞ்சு கொசுப்புழு அளவே இருக்கும். நீர்க்காக்கை அதைச் சீண்டாது. அங்கே தும்பிப்புழுவும் நீர்வண்டும்தான் எமன். இருப்பு வைக்க 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன், காற்றில்லாத நேரத்தில், ஹெக்டேருக்கு 56 கிலோ தாவர எண்ணெயும் 18 கிலோ மலிவான சோப்பும் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்பது பழைய, சோதித்த அளவு. பத்து சென்ட் குட்டைக்கு இரண்டேகால் கிலோ எண்ணெய், முக்கால் கிலோ சோப்பு. பறவை கொண்டுபோயிற்று என்று சொல்லப்படும் நாற்றங்கால் நஷ்டத்தில் பெரும்பங்கு இந்தப் பூச்சிகளின் வேலை.

கக்கலைக் கழுவிப் பார்த்தல்

நீர்க்காக்கை விழுங்கிய மீனின் சதை செரித்துவிடும். எலும்பு, முள், செவிக்கல், கண்வில்லை இவையெல்லாம் வழவழப்பான ஒரு சவ்வுப் பையில் உருண்டு, பெரும்பாலும் விடிகாலையில், வாய்வழியே வெளியே வரும். இரவு தங்கிய மரத்தடியில் காலையில் போய்ப் பார்த்தால் கட்டைவிரல் அளவில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். அதுதான் கக்கல். பறவை என்ன தின்றது என்று அதைவிட நேராகச் சொல்லக்கூடிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்திருந்தார் ஒருவர். விட்ட ரோகுவில் பாதி காணவில்லை என்று என்னை அழைத்திருந்தார். கரையில் நின்ற நாட்டுக்கருவேலைக் காட்டி, “அம்புட்டையும் அதுகதாண்ணே தின்னுருச்சு. மரத்தையே வெட்டிப்புடலாம்னு இருக்கேன்” என்றார். வெட்டுவதற்கு முன் அடியில் கிடப்பதைப் பார்த்துவிடுவோம் என்றேன். கையுறை மாட்டி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று உருண்டைகள் பொறுக்கினோம். டீ வடிகட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தோம்.

பார்க்க வேண்டியது தொண்டை எலும்பு. கெண்டை இனத்துக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் வளைந்த இரண்டு எலும்பில் வரிசையாகச் சில பற்கள் இருக்கும். ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் இந்த வகை. ஜிலேபிக்குத் தொண்டையில் முக்கோணத் தகடு. அதன் மேல் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் பல், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அதோடு முதுகு முள்ளும் தடிமனாக நிற்கும். கெளுத்தி என்றால் ரம்பம்போல் பல்வைத்த பக்கமுள் கிடைக்கும். அன்றைக்கு வடிகட்டியில் நின்றதில் பெரும்பகுதி சொரசொரப்புத் தகடு. வளைந்த எலும்பு ஒன்பது கிடைத்தது, ஆறு மிகச் சிறியவை. அவை ஊர்க் கெண்டைப்பொடியாகவும் இருக்கலாம். அவர் தகடுகளை உள்ளங்கையில் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னண்ணே, பூராம் ஜிலேபியாவுல்ல இருக்கு” என்றார். காணாமல்போன ரோகுவைப் பற்றி அதன்பின் மடையையும், மடையில் கிழிந்திருந்த கம்பிவலையையும் பார்த்துப் பேசினோம்.

இதை நீங்களே செய்யலாம். வீட்டில் ஜிலேபியும் ரோகுவும் சமைக்கும் நாளில் தலையை வேகவைத்துத் தொண்டை எலும்பைத் தனியாக எடுத்துக் கழுவிக் காயவைத்து, ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். இரண்டு எச்சரிக்கை. பொடிமீனின் எலும்பு வயிற்றிலேயே கரைந்துவிடும், எனவே கக்கலை வைத்து வகையைச் சொல்லலாம், எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. இன்னொன்று, கொக்கின் கக்கலில் இதைத் தேடாதீர்கள். அதன் வயிறு மீன் எலும்பையே கரைக்கும். வெளியே வருவது எலி மயிரும் பூச்சி ஓடும்தான். அதைப் பார்த்துக் கொக்கு மீனே தின்பதில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கூடு கட்டியிருக்கும் மரத்தடிக்குக் கக்கல் பொறுக்கப் போக வேண்டாம். பெரிய பறவைகள் பதறி எழுந்தால் முட்டை காக்கைக்குப் போகும், குஞ்சு கீழே விழும். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பொறுக்கக்கூடாது. உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்து பொடியாகிவிட்டதைக் கிளறாதீர்கள். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

காசு எங்கே போட வேண்டும்

முதலில் காலம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும் குஞ்சு விடுகிறோம். அதே தண்ணீரைப் பார்த்துத்தான் பறவைகளும் கூடு கட்டத் தொடங்குகின்றன. வேடந்தாங்கலில் அக்டோபர், நவம்பரில் வரத்து ஆரம்பம். கூந்தன்குளத்தில் அதற்குச் சற்றுப் பின்னால். கூட்டில் குஞ்சு இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் நாள் முழுக்க வேட்டை. உங்கள் மீன் மிகச் சிறியதாக இருக்கும் வாரங்களும் அவற்றின் பசி உச்சத்தில் இருக்கும் வாரங்களும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. மழையை நாம் தள்ளிப்போட முடியாது. மீனின் அளவை மாற்றலாம். ஆடி, ஆவணியிலேயே விரலி வாங்கி, வலைபோட்ட சின்னக் குட்டையில் அடர்த்தியாக வைத்துக் காப்பாற்றி, கண்மாய் நிறைந்தபின் 40, 50 கிராம் மீனாக விடுங்கள். குஞ்சு விலை, தீனிச் செலவு கூடும். மேலே போட்ட கணக்கை உங்கள் குளத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதைப்போல் பயன்தந்த வேறு தடுப்பு இல்லை.

குஞ்சு விடும் நேரம் அடுத்தது. பாக்கெட்டிலிருந்து வந்த குஞ்சு ஓரிரு மணி நேரம் மயக்கத்தில் மேல்மட்டத்திலேயே திரியும். காலை எட்டு மணிக்கு அதை விடுவது பறவைக்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. நீர்க்காக்கைகள் அடையப் போனபின், இருட்டுவதற்குள், ஆழமான பக்கத்தில் விடுங்கள். வக்கா வந்தாலும் அது கரையோரத்தில்தான் நிற்கும்.

பத்து, இருபது சென்ட் வளர்ப்புக் குட்டைக்கு மேலே முழுக்கக் கட்டுங்கள். நைலான் கயிறு, இரண்டடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும். நீர்க்காக்கை தண்ணீரில் ஓடி எழும்பும் பறவை. ஓட இடமில்லாத இடத்தில் இறங்கத் தயங்கும். தீனி போடுகிற ஆள் குனியாமல் போகும் உயரத்துக்குக் கம்பு நடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாளே அவர் கயிற்றை அவிழ்த்துவிடுவார். கொக்குக்குக் கரையோரம் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் சுற்றிலும் இரண்டு கயிறு. அது பறந்து வந்து கரையில் இறங்கி நடந்துதான் தண்ணீருக்குப் போகும். கரையோரமே இரண்டடி ஆழம் வருமாறு சரிவு வெட்டினால் அதற்கு நிற்க இடம் இருக்காது. அப்படி வெட்டும்போது ஒரு மூலையில் படி வையுங்கள், முடிச்சுப் போட்ட கயிறும் தொங்கவிடுங்கள். செங்குத்தான குட்டையில் விழுந்த பிள்ளை ஏறிவர முடியாமல் போனதை ஊர் ஊராகக் கேள்விப்படுகிறோம்.

மெல்லிய நரம்பு வலையை மேலே விரிக்கவே கூடாது. பறவைக்கு அது தெரியாது, சிக்கித் தொங்கும். செத்த பறவையை எடுக்கப் போய் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தடித்த நூல், கண்ணுக்குத் தெரிகிற நிறம், தொய்வில்லாத இழுப்பு. ஒன்று சிக்கிவிட்டால் தலையில் துணி போட்டு, அலகைப் பிடித்துக்கொண்டு கயிற்றை வெட்டுங்கள். பாம்புத்தாராவும் கொக்கும் கண்ணைக் குறிவைத்துக் குத்தும்.

வெடி, தகரம், மின்னும் நாடா, பழைய சி.டி. இவையெல்லாம் ஒரு வாரக் கூத்து. பறவை பழகிவிடும். சட்டை மாட்டிய பொம்மையின் தலையில் உட்கார்ந்து மீன்கொத்தி குறிபார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆள் நடமாட்டம் மட்டும் எப்போதும் வேலை செய்யும். முதல் மூன்று வாரம், விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் ஒருவர் கரையைச் சுற்றி வந்தால் போதும், நாள் பூராவும் தேவையில்லை. இருபது பண்ணை பக்கம்பக்கமாக உள்ள இடத்தில் ஒருவர் மட்டும் விரட்டினால் பறவை அடுத்தவர் குட்டைக்குப் போய் மத்தியானம் திரும்பி வரும். அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டாவின் கெளுத்திப் பண்ணையாளர்கள் இதைப் புரிந்துகொண்டு, குளத்தில் விரட்டுவதை விட்டு, பறவைகள் இரவு அடையும் இடங்களுக்கு எல்லாரும் ஒரே மாலைகளில் போய் எழுப்பிவிட்டார்கள். நம் ஊரில் அடைகிற மரம் பல நேரம் கூடு கட்டும் மரமாகவே இருப்பதால் இதை அப்படியே செய்ய முடியாது. பக்கத்துப் பண்ணைகளோடு பேசிக் காவல் நேரத்தையாவது ஒத்துக்கொள்ளலாம்.

பெரிய கண்மாய்க்கு மறைவிடம் போடுங்கள். காய்ந்த பனையோலையைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கல் வைத்து ஆழத்தில் இறக்குவது. ஏக்கருக்கு நான்கு கட்டு. குஞ்சு உள்ளே புகுந்துகொள்ளும். முங்கி வரும் நீர்க்காக்கைக்கு நீந்தித் துரத்த இடமிருக்காது. பச்சை ஓலை அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும், வேண்டாம். கருவேல முள்ளைப் போட்டால் இரவில் வரும் வலைக்கும் அது பதில் சொல்லும். ஆனால் பிடிப்பு நாளில் உங்கள் வலையும் கிழியும்; எங்கே போட்டீர்கள் என்று மூங்கில் நட்டு அடையாளம் வையுங்கள்.

சுடுவது, விஷம் வைப்பது, முட்டையை உடைப்பது எல்லாம் 1972-ம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொன்ன எந்தப் பறவைக்கும் விலக்கு இல்லை. குருணை மருந்தை மீனுக்குள் வைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மீனை முதலில் எடுப்பது பெரும்பாலும் ஊர் நாய்.

விடியலில் கொக்கு நின்றால்

பறவை சொல்லும் சேதி ஒன்று உண்டு. வழக்கமாக நாலைந்து கொக்கு நிற்கும் குளத்தில் திடீரென்று ஒரு நாள் விடியலில் முப்பது, நாற்பது நின்றால் அவற்றை விரட்டுவதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சு வாங்கியதில் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கியிருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்த வாய் வட்டங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கொக்குகள் வந்திருக்கின்றன. காற்றூட்டியை ஓடவிடுங்கள், புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம் தாமதித்தால் கொக்கு தின்பதைப்போல் நூறு மடங்கு வெயில் ஏறுவதற்குள் மிதக்கும். பகலில் ஒரே மூலையில் பருந்தும் கொக்கும் வட்டமிட்டால் அங்கே நோயில் தளர்ந்த மீன் இருக்கிறதா என்று வலை இழுத்துப் பாருங்கள்.

இறால் பண்ணைக்காரர்களுக்கு இந்த அத்தியாயத்தில் அதிக வேலையில்லை. அவர்களுடைய பயம் பறவை தின்பதைப் பற்றியதல்ல, சிந்துவதைப் பற்றியது. வெண்புள்ளி நோய் வந்து செத்த இறாலைக் காக்கையோ கடற்பறவையோ தூக்கிப்போகும்போது அடுத்த குளத்தில் போட்டுவிடும். அதனால்தான் வனாமி வளர்ப்புக்கு நண்டு வேலியோடு பறவைத் தடுப்பையும் உயிர்ப்பாதுகாப்பு விதியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கயிறு கட்டாயம். கணக்குப் போட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை.

எச்சத்தின் வரவு

செலவுப் பக்கத்தையே பார்த்துவிட்டோம். வரவுப் பக்கம் ஒன்று இருக்கிறது, செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகளுக்கு அது இருநூறு ஆண்டுக்கு மேலாகத் தெரியும். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுட்டபோது, ஊரார் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். அது 18-ம் நூற்றாண்டின் இறுதி. பறவைப் பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் வேறு மாதிரி இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு. கோடையில் குளம் வற்றியதும் எச்சம் படிந்த வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். 1994-ல் அது சரணாலயம் ஆவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான். இரண்டு இடமும் இப்போது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன.

மீன் வளர்ப்பவருக்கும் இதில் வரவு உண்டா? நிபந்தனையோடு உண்டு. பறவை வேறு நீர்நிலையில் தின்றுவிட்டு உங்கள் குளத்து மரத்தில் அடைந்தால், வெளியூர் உரம் இலவசமாக வந்து விழுகிறது. நுண்ணுயிர் பெருகும், மேல்மட்டத்தில் மேயும் கட்லா வளரும். உங்கள் குளத்திலேயே தின்று அங்கேயே எச்சமிட்டால் அது உங்கள் பணத்தை உங்களுக்கே சில்லறையாகத் திருப்பிக் கொடுப்பதுதான். பத்து சென்ட் குட்டைக்கு நேர் மேலே நூறு பறவை அடைந்தால் பச்சைப்பாசி கெட்டியாகிவிடும், முன்னே சொன்ன விடியல் மூச்சுத்திணறலுக்கு அதுவே வழி. அந்த மாதிரிக் கிளையை, கூடு இல்லாத பருவத்தில், மரத்தை வெட்டாமல் கழித்துவிடுவது நல்லது. கரை தள்ளி நிற்கும் மரத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, பிடிப்பு முடிந்த பிறகு. பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் வலைக்காரர்கள் பெரிய மீனை எடுத்துவிடுவார்கள். ஊத்தாவும் கச்சாவுமாக ஊர் இறங்கி மிச்சத்தை அள்ளும். அதற்குப் பின்னும் சேற்றுப் பள்ளங்களில் ஜிலேபிக் குஞ்சு, கெண்டைப்பொடி, கைக்கு அகப்படாத விரால் குஞ்சு கிடக்கும். அடுத்த வருடம் உங்கள் விரலியோடு சண்டைக்கு நிற்கப்போவது அவைதான். அன்றைக்கே வெள்ளைக்கொக்கு, மடையான், மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் வந்து இறங்கும். ஆட்களை அனுப்பிவிட்டு, மூன்று நான்கு நாள் கண்மாயை அவற்றிடம் விடுங்கள். பள்ளங்களில் சலசலப்பு நின்றபின் போய்ச் சுண்ணாம்பு போட்டுக்கொள்ளலாம்.